உயிருடன் கடலில் விடப்பட்டவை

போன மாதம் வண்ணார்பேட்டை வாசகசாலை ஒன்றில் எனக்கு மாலை போட்டார்கள். மீன்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் ஏற்பாடு செய்த கூட்டம். கடலில் உள்ளதை அழித்துவிடாமல் எடுத்துப் பிழைப்பது எப்படி என்பது அன்றைய பேச்சின் பொருள். தலைமை வகித்தவர் என்னை ‘விரலளவு விதியின் தந்தை’ என்று அறிமுகப்படுத்தினார். பூமாலையில் ஈரம் அதிகம். சட்டை நனைந்துவிட்டது. அதைத் தவிர அன்று எனக்கு எந்தச் சங்கடமும் நேரவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

விரலளவு விதி என்பது இதுதான். கடலடியில் சங்கு எடுக்கிறவர் ஒரு சங்கைத் தொட்டதும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதன் வயிற்றைச் சுற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் சங்கு இன்னும் சிறியது. இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். தொடாவிட்டால் எடுத்து வரலாம். இதைத் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, கடற்கரையில் தமுக்கடித்து வாசித்தவன் நான். அந்த அளவில் தலைவர் சொன்னதில் தவறில்லை.

கூட்டம் முடிந்ததும் தங்கள் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் வருமா என்பதும் சந்தேகம். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவன். என் தகப்பனார் உபதேசியார். பொய் சொல்லக் கூடாது என்பதை எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டினார்கள். மெட்ரிகுலேஷன் தேறியதும் சர்க்கார் சங்குத் துறையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கடலைப் பார்த்ததுண்டா, நீந்தத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. ஒரு பக்கம் எழுதச் சொல்லிக் கையெழுத்தைப் பார்த்தார்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில் இருந்தன. முதல் யுத்தத்துக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னால், தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சங்குக் கிட்டங்கிக்கு, அதாவது சர்க்கார் கிடங்குக்கு, என்னை அனுப்பினார்கள்.

அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் பரதவர். காலையில் கரைக்காற்றில் வள்ளங்கள் போகும். பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். சங்கு குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். வள்ளத்தில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கடலடியில் கிடக்கும் சங்கு அத்தனையும் சர்க்கார் சொத்து. ஆகவே குளிக்கிற ஒவ்வொருவருக்கும் பித்தளை வில்லை ஒன்று உண்டு. வில்லை கழுத்தில் இருந்தால் அவர் தொழிலாளி. இல்லாமல் சங்கைத் தொட்டால் திருடர்.

கிட்டங்கி வாசலில் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதில் வட்டமாக ஒரு ஓட்டை. கரைக்கு வரும் ஒவ்வொரு சங்கையும் அந்த ஓட்டையில் போட்டுப் பார்ப்போம். நுழையாமல் நின்றால் நல்ல சங்கு. வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். நுழைந்து அந்தப்புறம் விழுந்தால் பொடி. பொடிக்குக் கூலி கிடையாது. அது வளர வேண்டிய சங்கு என்பதால் திருப்பிக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். எத்தனை நல்ல சட்டம் என்று நான் சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

அடுத்த வாரம்தான் அதன் நடைமுறை தெரிந்தது. பொடியைக் கடலில் விடுவதென்றால் பொறுப்புள்ள அதிகாரியின் முன்னிலையில், சர்க்கார் படகில் கொண்டுபோய் விட வேண்டும். படகு, கடற்காவலுக்கு உரியது. அதைக் கேட்டு எழுத வேண்டும். அனுமதி வர வேண்டும். ஆகவே சனிக்கிழமைதோறும் படகு என்று ஏற்பாடாயிற்று. திங்கட்கிழமை கரையேறிய குட்டிச் சங்கு சனிக்கிழமை வரை கிட்டங்கி மூலையில் சாக்குக்குள் இருக்கும். புதன்கிழமை அது நாறத் தொடங்கும். வெள்ளிக்கிழமை அந்த நாற்றம் ஊருக்கே எட்டும். சனிக்கிழமை அதைச் சுமந்துபோய்க் கடலில் கொட்டிவிட்டு, ‘உயிருடன் கடலில் விடப்பட்டவை’ என்று அச்சடித்த கட்டத்தில் எண்ணிக்கையை நான் எழுதுவேன்.

கிட்டங்கி சூப்பிரண்டு வேங்கடாசாரியார், ஆழ்வார்திருநகரிக்காரர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைசுத்தமான மனிதர். ஒரு மீன்கூட எவரிடமும் வாங்கியதில்லை; அது அவருக்கு ஆகாது என்பது வேறு விஷயம். தினமும் காலையில் கிட்டங்கி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே குவிந்து கிடக்கும் சங்குகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பெருமாள் கையில் இருப்பதல்லவா? கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கையால் மேல்வேஷ்டி முனையில் முடிந்து வைத்திருக்கும் சூடத்தை எடுத்து மூக்கில் அழுத்திக்கொள்வார். சங்குக்குள் சதையுள்ள ஒரு பிராணி இருக்கிறது என்பதை அவர் கடைசிவரை ஒரு நிர்வாகக் குறைபாடாகவே கருதினார்.

அவருக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே சனிக்கிழமைகளில் அவர் கரையில் குடை பிடித்து நிற்பார். கரையில் நிற்பது முன்னிலை ஆகுமா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. நேர்மையானவர் என்பதால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். கண்ணுக்கு எட்டும் தூரம் முன்னிலையே என்று பதில் வந்தது. அவருக்குக் கிட்டப்பார்வை. ஆகவே சர்க்கார் படகு அவர் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு, அதாவது ஆற்று முகத்துவாரம் வரைக்கும், போய்ச் சாக்கைக் கவிழ்த்தது. அங்கே ஓடுவது தாமிரபரணித் தண்ணீர். வாரம் முழுவதும் சாக்கில் கிடந்தும் பிடிவாதமாக உயிரை வைத்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு சங்குகளும் அந்த நல்ல தண்ணீரில் செத்தன.

ஒருமுறை நான் துணிந்து, சனிக்கிழமை வரை அவற்றைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

அவர் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “கடல் தண்ணியில போட்டா அது கடல்ல விட்ட மாதிரி ஆயிடும் ஓய். அப்புறம் சனிக்கிழமை எதை விடுவீர்?”

நான் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு வந்தேன்.

கடற்காவலும் எங்கள் கிட்டங்கியின் பொறுப்புதான். நடுக்கடலில் அந்நியப் படகுகளுக்குச் சங்கு விற்றுவிடுவார்கள் என்ற பயம் துறைக்கு எப்போதும் உண்டு. அதற்காகப் பனந்தூண்கள் நட்டு ஒரு காவல் பரண் கட்டியிருந்தோம். தூரதிருஷ்டிக் கண்ணாடியும் ஒன்று வந்திருந்தது. விலை உயர்ந்த பொருள் என்பதால் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தோம். பரணில் இசக்கி என்ற சேவகர் வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருப்பார். மாலையில் இறங்கி வந்ததும் வேங்கடாசாரியார் கேட்பார்: “என்ன இசக்கி, கடல்ல என்ன பார்த்தே?”

“கடலைத்தான் பாத்தேன் சாமி. அங்கனயேதான் கெடக்கு.”

“சந்தேகப்படும்படி ஏதும் இல்லை” என்று நான் எழுதிக்கொள்வேன்.

இனி தொம்மையைப் பற்றி. அந்தக் கரையில் ஆழத்தில் அதிக நேரம் மூச்சுப் பிடிக்கக் கூடியவர் என்று பெயர் வாங்கியவர். நாற்பது வயதிருக்கும். மனைவியும் மூன்று பெண்களும் உண்டு. சொந்தமாக வள்ளமில்லை, வள்ள முதலாளியான சம்மாட்டியின் வள்ளத்தில் போவார். கயிறு பிடிப்பது அவர் மைத்துனர் லாசர். அந்தப் பித்தளை வில்லை ஒன்றுதான் குடும்பத்துக்குச் சோறு. அவர் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பலகை அருகே நின்று நான் சங்கை ஓட்டையில் போடுவதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “கிளார்க்கையா, ஓட்டைக்குள்ள விழுந்தது சாக்குல கெடந்து சாவுது. விழாதது வளையலாப் போவுது. ரெண்டுல எதைய்யா சர்க்கார் காப்பாத்துது?”

நான் சிரித்தேன். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுச் சிரிப்பதே பெரிய தைரியம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்தப் பருவம் முதல் தொம்மையின் வள்ளத்தில் பொடி வருவது நின்றுபோயிற்று. மற்ற வள்ளங்களிலிருந்து கூடை கூடையாகப் பொடி இறங்கும். தொம்மையின் குவியலில் அத்தனையும் பலகையில் நிற்கிற சங்கு. எடுக்கக் கூடாததை அவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ‘பொடி’ என்ற கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தது. காலியான கட்டம் வேங்கடாசாரியாருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பொடியைத் தொம்மை நடுக்கடலில் யாருக்கோ விற்கிறார் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ஒரு பிற்பகல், எல்லா வள்ளங்களும் கரையில் இருக்கும்போது தொம்மையைக் கூப்பிட்டார்.

“மத்தவனெல்லாம் பொடி கொண்டு வரான். உன் குவியல்ல ஒண்ணுகூட இல்லையே. எங்கே போச்சு?”

“கடல்லதான் சாமி இருக்கு.”

“யாருக்கு வித்தே?”

“கடலுக்கு அடியில யாருக்கு சாமி விக்க? திருக்கை மீனுக்கா?”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எழுந்திராவிட்டால் காரியம் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். வேங்கடாசாரியார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மறுநாள் தொம்மையின் வள்ளத்தில் நானே போய், கண்ணால் கண்டதை வாக்குமூலமாக எழுதித் தர வேண்டும் என்றார்.

அதுதான் நான் கடலுக்குள் போன முதல் தடவை. சங்குத் துறையில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு. கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வள்ளத்தின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் பட்ட பாட்டை லாசர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “அதையும் கடல்ல விட்ட கணக்குல எழுதிக்கிடுங்க ஐயா” என்றார். தொம்மை அவரை அதட்டினார். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சங்குப் படுகைக்கு வந்ததும் தொம்மை சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டுவிட்டு இறங்கினார். கயிறு ஓடியது. நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். இரண்டு முறை விட்டு இரண்டு முறை பிடித்த பிறகும் அவர் வரவில்லை. வந்தபோது இடுப்பு வலையில் மூன்று பெரிய சங்குகள் இருந்தன. இடது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஒரு குட்டிச் சங்கு. அவர் பெருவிரலும் சுட்டுவிரலும் அதைச் சுற்றி வளைந்து, நுனிகள் தொட்டுக்கொண்டிருந்தன.

“உங்களுக்குக் காட்டத்தான் எடுத்தாந்தேன். இப்படிப் பிடிச்சுப் பாப்பேன். வெரல் முட்டுச்சுன்னா எடுக்க மாட்டேன். உங்க பலகை ஓட்டையும் இதே அளவுதான், வேணும்னா போயி வச்சுப் பாருங்க. கையை நீட்டுங்க.”

நீட்டினேன். உள்ளங்கையில் வைத்தார். ஈரமான சதை ஒரு கணம் வெளியே நீண்டு என் தோலைத் தொட்டது. பிறகு பைய உள்ளே இழுத்துக்கொண்டது. பழுப்பு நிறத்தில் ஒரு மூடி, கதவு சாத்துவதுபோல் வாயை அடைத்தது.

“உங்க புஸ்தகத்துல உயிரோடன்னு எழுதுதீயளாமே” என்றார் தொம்மை. “உயிருன்னா இதுதான்யா. பாத்துக்கிடுங்க.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தெரியாதவனுக்குத் தெரிவிக்கிற குரலில் சொன்னார். அந்த நேரத்தில் சங்கு மறுபடி அசைந்தது. நான் பயந்து கையை உதறினேன். அது விளிம்பில் பட்டுக் கடலில் விழுந்தது.

தொம்மை முகம் சுளித்தார். “எறியக் கூடாதுய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்லைக்கூடக் கட்டாமல் அதன் பின்னால் தலைகீழாகப் பாய்ந்தார். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. அதைத் தேடிப் பிடித்து, மணலில் சரியாக வைத்துவிட்டு வந்ததாக லாசரிடம் சொன்னார்.

அன்று மாலை கிட்டங்கிக்குப் போனதும் நான் முதலில் செய்த காரியம், பலகை ஓட்டைக்குள் தொம்மை காட்டியபடி என் விரல்களை வளைத்து வைத்துப் பார்த்ததுதான். தொம்மை சொன்னது சரி. சர்க்கார் தச்சனுக்கும் தொம்மையின் கைக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. உள்ளே போய் வேங்கடாசாரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உற்சாகமாகவே சொன்னேன் என்று நினைவு. எல்லா வள்ளக்காரர்களும் இப்படிச் செய்தால் சாக்கும் வேண்டாம், சனிக்கிழமைப் படகும் வேண்டாம் என்றேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து பெரிய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

“இந்தக் கட்டத்துக்குத் தலைப்பு என்ன ஓய்?”

“உயிருடன் கடலில் விடப்பட்டவை.”

“எழுதினது யாரு?”

“நான்.”

“கீழே கையெழுத்து?”

“தங்களுடையது.”

“அதுக்கும் கீழே மேலிடத்துத் துரையோடது. மூணு கையெழுத்து. அந்தப் பக்கம் பார்த்தா தொம்மையோட ஒரு கைநாட்டு. தொம்மை பண்றது சரின்னு நீர் எழுதினா, ஏன் சரின்னும் எழுதணும். கரைக்கு வந்த பொடி பிழைக்கலைன்னு எழுதணும். அஞ்சு வருஷமா உயிருடன் உயிருடன்னு எழுதினவர் யாருன்னு துரை கேட்பார். அப்போ என்ன சொல்லுவீர்?”

என்னைப் பயமுறுத்துவதில் அவருக்குச் சந்தோஷமில்லை. அவருடைய கையெழுத்தும் அதே பக்கத்தில் இருந்தது. லஞ்சம் வாங்குகிற சூப்பிரண்டாக இருந்திருந்தால் தொம்மையை எளிதாகக் காப்பாற்றியிருக்கலாம். இவர் விதியை மதிக்கிறவர்.

“நான் பொய் எழுதச் சொல்லலை” என்றார் அவர். “ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதும். வள்ளத்திலேர்ந்து சங்கு ஏதாவது கடல்ல விழுந்துதா, இல்லையா?”

“விழுந்தது.”

“விழுந்துதுன்னா விழுந்துதுன்னு எழுதும்.”

எழுதினேன். ‘மேற்படி வள்ளத்திலிருந்து ஒரு சங்கு கடலில் விழுந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.’ எழுத்துகள் ஒரே உயரத்தில் இருந்தன. ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத் திருப்தி அடைந்தேன். என் தகப்பனார் படித்திருந்தாலும் குற்றம் கண்டிருக்க மாட்டார்.

சர்க்கார் சொத்தைக் கரை சேர்க்காமல் கடலில் போக்கியதற்காகத் தொம்மையின் வில்லை ரத்தானது. சங்கை எங்கே போக்கினார் என்று பார்த்தால் அது சர்க்காருடைய கடலில்தான் இருந்தது. அதை எவரும் பார்க்கவில்லை. வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வேலையும் எனக்கே வந்தது. உத்தரவை வாசித்துக் காட்டினேன். தொம்மை கழுத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முயன்றார். உப்பில் ஊறி இறுகியிருந்தது. லாசர் கத்தி கொண்டு வந்து அறுத்தார்.

வில்லையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தொம்மை கேட்டார்: “விழுந்துச்சுன்னு எழுதினீய. சரி. யாரு கையில இருந்துன்னு எழுதலையாய்யா?”

“அதைக் கேட்கவில்லை, தொம்மை” என்றேன்.

அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “கேட்டாத்தான் சொல்லுவீயளோ” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். பிறகு உப்பளத்தில் கூலி வேலை. கடலடியின் இருட்டுக்குப் பழகிய கண். உப்பு வெள்ளையில் வெயில் எதிரடித்து இரண்டு ஆண்டுகளில் அது மங்கத் தொடங்கியது.

அதன்பின் ஒரு ஐப்பசியில் ஆற்றில் பெருவெள்ளம். முகத்துவாரத்தின் மணல்திட்டு இடம் மாறியது. வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், நாங்கள் வாரந்தோறும் உயிருடன் விட்டவை அத்தனையும் கரையோரம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தன. காலை வைக்க இடமில்லை. சரியாக அந்தச் சமயம் பார்த்து, கடற்பிராணிகளைப் படித்த துரை ஒருவர் கண்ணாடிக் குப்பிகளோடு வந்து இறங்கினார். குட்டிச் சங்குகளின் மேல் நடந்து பார்த்தார். குனிந்து குனிந்து எடுத்தார். இது எப்படி வந்தது என்று கேட்டார்.

“வெள்ளம் கொண்டு வந்தது” என்றார் வேங்கடாசாரியார். அதுவும் பொய் அல்ல.

துரைக்குப் பரம சந்தோஷம். குட்டிச் சங்குகள் இயற்கையாகப் பெருகி வளரும் இடம் ஆற்று முகத்துவாரமே என்று கண்டுபிடித்து எழுதினார். அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்றும் எழுதினார். அதன்படி இசக்கியைப் பரணிலிருந்து இறக்கி, செத்த சங்குகளுக்குக் காவல் போட்டோம். முதன்முறையாகத் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் வெளியே வந்தது. காலடியில் கிடப்பதை அதில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று இசக்கி குறைபட்டுக்கொண்டார்.

மறு ஆண்டு துரை மறுபடி வந்தார். உயிருள்ள சங்கு ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. வேங்கடாசாரியார் அதற்குள் ஓய்வு பெற்று ஆழ்வார்திருநகரிக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் நான் இருந்தேன். படுகைகளில் சங்கு குறைந்து வருகிறது, காரணம் என்ன என்று துரை என்னைக் கேட்டார். சொல்லத் தருணம் வாய்த்தது. நான் சொன்னது இது: “கரைக்கு வரும் குட்டிகளில் சில பிழைப்பதில்லை என்று கருதுகிறேன். கடலடியிலேயே விரலால் அளந்து விட்டுவிடும்படி செய்யலாம் என்பது என் தாழ்மையான யோசனை.”

‘சில’ என்றேன். ‘கருதுகிறேன்’ என்றேன். ‘என்’ என்றேன்.

துரை எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். ஆறு மாதத்தில் உத்தரவு வந்தது. எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. பலகையைக் கழற்றினோம். விதியைத் தமிழில் எழுதிக் கரையில் தமுக்கடித்து வாசித்தேன். வள்ளக்காரர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். லாசர் மட்டும் நான் வாசித்து முடிக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு தொம்மை என்னிடம் வந்தார். உப்பளத்திலிருந்து வந்திருந்தார், கால்கள் வெடித்திருந்தன. கண்ணை இடுக்கி என்னை அடையாளம் தேடினார். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நான் மனதைத் தயார் செய்துகொண்டேன்.

“நல்லா எழுதியிருக்கீய ஐயா. ஒண்ணு விட்டுட்டீய. விட்டுரணும்னு மட்டும் போட்டா, பயலுவ அங்கன நின்னே எறிஞ்சிட்டு வந்துருவானுவ. அது மல்லாந்து விழுந்தா மீன் கொத்திரும். வாய் மணலைப் பாக்க வைக்கணும். அதையும் சேத்துக்கிடுங்க.”

சேர்த்துக்கொண்டேன். விதியின் கடைசி வரி அதுதான். கடலில் சங்கு இருக்கும்வரை அந்த வரியும் இருக்கும்.

வில்லைக்கு மனுப் போடும்படி அவரிடம் சொன்னேன். போட்டார். புதிய சாட்சியம் இருந்தால் ரத்தை நீக்கலாம் என்று விதி. மனு சூப்பிரண்டின் மேஜைக்கு வந்தது. சூப்பிரண்டு நான். பழைய வழக்கின் ஒரே சாட்சி குமாஸ்தா, குமாஸ்தாவும் நான். அந்தச் சங்கு எவன் கையிலிருந்து விழுந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரியை எழுதினால் அடுத்த வரியில், விரலளவு எவருடைய விரலின் அளவு என்பதும் வரும். பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். நான்கு நாள் மனுவைக் கையில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள், ‘புதிய சாட்சியம் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கோப்பைக் கட்டினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் துணிந்து எழுதிய முதல் பொய் அதுதான். அதற்கு முன் எழுதியவை அத்தனையும் உண்மைகள்.

யுத்தம் முடிந்த ஆண்டு பரவிய விஷக்காய்ச்சலில் தொம்மை இறந்தார். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். எவரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

வாசகசாலைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, “வாய் மணலைப் பார்க்க வைக்க வேண்டும் என்ற அந்த நுட்பம் ஐயாவுக்கு எப்படித் தோன்றியது?” என்று கேட்டார். நான், “அனுபவம்” என்றேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றும்போதுதான், கேட்டும் நான் சொல்லவில்லை என்பது உறைத்தது.

ஆகவே இதை எழுதினேன். மலரில் இடமில்லாவிட்டால் மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிடலாம். பின்வரும் வாக்குமூலத்தை மட்டும் பழைய கோப்பில் சேர்த்துவிடும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தொம்மை கடலுக்குள் எதையும் எறியவில்லை. அன்று அவர் இருந்த வள்ளத்திலிருந்து கடலில் விழுந்த ஒரே ஒரு சங்கு, என் கையிலிருந்து விழுந்தது. அது உயிருடன் இருந்தது. அதன் பின்னால் பாய்ந்து, வாய் மணலைப் பார்க்க அதை வைத்துவிட்டு வந்தவர் அவர்.